மகுடேஸ்வரியின் கைகள் மாடியேறாத பருவம்

வேலங்காட்டூர் சர்க்கரை ஆலையில் பாய்லருக்கு இளஞ்சூடு ஏற்றி அரவைப் பருவத்தைத் தொடங்குகிற நல்ல நாளில், பூசை முடிந்து, தேங்காய் உடைத்து, சுண்டலும் பொங்கலும் தின்று ஏப்பம் விட்ட பிற்பாடு, இருபத்திரண்டு வருஷம் அரவைக்கூடத்தில் கரும்புச்சாறும் கிரீஸுமாக ஊறிக்கிடந்த மகுடேஸ்வரி, தலைமைப் பொறியாளராகி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மாடியறைக்குப் போகப் படியில் கால் வைத்தாள்; கால் வந்தது, உடம்பு வந்தது, தலை எல்லாருக்கும் முன்னால் வந்தது, கைகள் மட்டும் வரவில்லை.

மூன்றாவது படியில் இருக்கும்போது அவை வளையல் கழல்வது போல மணிக்கட்டிலிருந்து சுளுவாகக் கழன்று, கைப்பிடிக் குழாயில் வழுக்கி இறங்கி, விரல்களால் ஓடி, அரவைக்கூடத்துக்குள் நுழைந்து, சுவரில் தொங்கிய பெரிய ஸ்பேனரை எடுத்து, கரும்பு பிழிகிற எந்திர வரிசையில் இரண்டாவதான மில்லில் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டை இறுக்கத் தொடங்கிவிட்டன. ரத்தம் இல்லை, வலி இல்லை. சேலை முந்தானைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த மணிக்கட்டுகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தன. கடிகாரம் இடது கையோடு போய்விட்டதால் அன்றைக்கு முழுக்க மகுடேஸ்வரிக்கு மணி என்ன என்று தெரியவில்லை.

இதைக் கண்டு வாய் பிளந்து நிற்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. அரவைப் பருவம் தொடங்கினால் ஐந்து மாசத்துக்கு அந்த ஆலை நிற்கக்கூடாது. நின்றால் வெட்டின கரும்பு வெயிலில் காயும். காய்ந்தால் எடை போகும், சாறு போகும், மானம் போகும். அதனால் ஃபோர்மேன் நாச்சிமுத்து, தொழிற்சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான், வாயிலிருந்த சுண்டலை மென்று விழுங்கிவிட்டுப் படியின் கீழே வந்து நின்று சொன்னார்.

“அம்மிணி, கை ரெண்டும் கீழ வந்திருச்சுங்க.”

“பாத்தேனுங்கண்ணா. நானும் என்ன பண்றதுன்னு நிக்கறேன்.”

“என்ன பண்றதுங்க, வந்தது வந்திருச்சு. சீசன் முடியற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். நீங்க மேல போயி மத்ததப் பாருங்க.”

மத்தது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மகுடேஸ்வரி மேலே போனாள்.

மறுநாள் காலையிலேயே முதல் சிக்கல் வந்தது. வாசலில் கட்டைவிரல் வைத்து வருகை பதிகிற எந்திரத்தில் கைகள் தாமாகவே ஏறி விரலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டன. பின்னால் வந்த மகுடேஸ்வரி வைப்பதற்கு விரல் இல்லாமல் நின்றாள். பணியாளர் அலுவலர் வைத்தியலிங்கம் சட்டப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர். தலைமைப் பொறியாளர் அரவைக்கூடத்தில் இருப்பதாகப் பதிவு சொல்கிறது, ஆகவே மாடியறையில் அவர் இல்லை, இல்லாததற்கு மூன்று நாளில் விளக்கம் தரவும் என்று, மாடியறையில் இருந்த அவளிடமே நேரில் வந்து ஒரு குறிப்பாணையைக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்ததை வாங்க அவளுக்குக் கையில்லாததால் பல்லால் கவ்வி வாங்கினாள். ஒரு வாரம் அலைந்து திரிந்து, கடைசியில் கைகளுக்குத் தனியாக ஒரு அடையாள அட்டை போட்டார்கள். புகைப்படத்தில் இரண்டும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து மிகவும் பவ்வியமாக இருந்தன.

அடுத்து சங்கம். உடல் உழைப்புச் செய்கிறவர் தொழிலாளி, கையைவிட உடல் உழைப்புச் செய்கிறவர் யார் என்று நாச்சிமுத்து ஒரு கேள்வி கேட்டார். கைகளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாக்கா இரண்டு வாக்கா என்பதில்தான் கேண்டீனில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து பெரிய சண்டை. இடது கை வலது கையின் பேச்சைக் கேட்டே நடக்கிறது, அதற்குச் சொந்த அபிப்பிராயம் இல்லை என்று ஒரு கோஷ்டி சொல்ல, அப்படிப் பார்த்தால் இங்கே முக்கால்வாசிப் பேருக்கு வாக்கே இருக்காது என்று மறு கோஷ்டி சொல்ல, முடிவில் வாக்கு ஒன்று, டீ இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. குடிக்க வாயில்லாத கைகள் அந்த இரண்டு கண்ணாடி டம்ளரையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு சூடு ஆறுகிற வரைக்கும் சும்மா இருக்கும். ஒரு நாளில் அவை சும்மா இருக்கிற நேரம் அவ்வளவுதான்.

மற்ற நேரமெல்லாம் வேலை, வேலை, வேலை. உடம்பில்லாத கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் இல்லை. உடம்பு இருக்கிறவர்களின் பலமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டவர்தான் உண்டு. கைகள் உருளைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை விரல் நுனியால் தடவிப்பார்த்துச் சரிசெய்தன, பேரிங்குகளைத் தொட்டுப்பார்த்துச் சூடு கண்டன, கிரீஸை அள்ளி அள்ளி ஊட்டின, சங்கிலிகளை நீவிவிட்டன. கரும்பு இறக்க வரிசையில் நின்ற டிராக்டர்காரர்கள் மெல்ல வந்து, “ஏனுங்க, எம்பட வண்டியையும் சித்த பாத்துவுடச் சொல்லுங்க” என்று நாச்சிமுத்துவிடம் நயமாகக் கேட்டார்கள். மதியத்தில் கைகள் போய் அதையும் பார்த்துவிட்டு வந்தன. யாரோ ஒரு புண்ணியவதி ஒருநாள் இரண்டுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டாள். நாச்சிமுத்து ஓடிவந்து கற்பூரத்தை ஊதி அணைத்தார். “சாமியாக்கிப்போடாதீங்க தாயி, அப்பறம் வேல செய்யாது” என்று அவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

பொழுது சாய, ஷிப்ட் முடிந்ததும் கைகள் ஆலைப் பேருந்தில் முன்சீட்டில் ஏறி உட்காரும். மகுடேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்ததும் வந்து மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அவை அவள் கைகள்தான். தலை வாரும், தோசை ஊற்றும், கதவு சாத்தும். ஆனால் நினைப்பெல்லாம் ஆலையில். வீட்டிலுள்ள அத்தனை டப்பா மூடிகளையும் அவை இறுக்கிய இறுக்கில், உரக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் சென்னியப்பன் பத்து நாளாக ஊறுகாய் இல்லாமல் மோர்ச்சோறு தின்றான்.

“ஏம்புள்ள, இதைத் தெறக்கறதுக்கு ஆலையில இருந்து ஆள் கூட்டியாரணுமாட்ட இருக்குது.”

“நான் இறுக்கலீங்க மாமா. அதுங்களே பண்ணுது.”

“அதுங்க யாருது?” என்று கேட்டுவிட்டு அவன் வெறும் மோர்ச்சோற்றைத் தின்றான்.

மாடியறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பெரிய மேசை, மேசைமேல் கண்ணாடி, சுற்றுகிற நாற்காலி, மூன்று தொலைபேசி, நாளுக்கு நாற்பது கோப்பு. மகுடேஸ்வரி தாடையால் பக்கம் புரட்டினாள். படித்து முடித்ததும் மூக்கு நுனியை மைத்தட்டில் தொட்டுக் கோப்பில் வைத்தாள். வைத்தியலிங்கம் சட்டப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை பார்த்துவிட்டு, சாதாரணக் கோப்புக்கு மூக்கு செல்லும், ஆனால் நியமனம், பதவி உயர்வு, ராஜினாமா இந்த மூன்றுக்கும் கையெழுத்துதான் வேண்டும், அதுவும் அலுவலகத்துக்குள்ளேயே போட்டதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். நாச்சிமுத்து ஒருமுறை கைகளைக் கூடையில் போட்டு மூடி மாடிக்குத் தூக்கிவந்து பார்த்தார். பாதிப் படியிலேயே அவை கூடையை எட்டித் தள்ளிவிட்டுக் கீழே ஓடிவிட்டன.

மூக்கு மையோடு அவள் கூட்டங்களில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷத்துக்கு எத்தனை ஏக்கர் கரும்பு, புது டர்பைன் வாங்கலாமா, பழைய பேரிங்குகளை மாற்றலாமா என்றெல்லாம் பேசினார்கள். மூன்றாம் மில்லுக்குப் புதுமாதிரி உருளைப் பேரிங் வாங்கலாம் என்று முடிவு செய்து மூக்கு வைத்ததும் அவள்தான். எல்லாம் பெரிய விஷயங்கள். ஆனால் அவள் காது மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. கீழே மில் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே வலது கை இப்போது எங்கே நிற்கிறது, இடது கை எதைப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

உள்ளதைச் சொல்லிவிடலாம், அவளுக்கு அது பிடித்திருந்தது. அவள் இல்லாமல் அந்த மில் ஓடாது என்று ஊரே சொல்வதும், “கை இருக்குதல்ல, அப்பறமென்ன” என்று டிராக்டர்காரர்கள் பேசிக்கொள்வதும் மாடிவரைக்கும் கேட்டது. கேட்கும்போதெல்லாம் வெட்கமும் பெருமையுமாக அவள் முகம் சிவந்தது. மேலே ஒரு சம்பளப் பதவியும் கீழே ஒரு பழைய பேருமாக இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட யாருக்குத்தான் கசக்கும்?

கசந்தது ஜெசிந்தாவுக்கு. உதவிப் பொறியாளர் ஜெசிந்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஒன்பது வருஷமாக அரவைக்கூடத்தில் மகுடேஸ்வரிக்கு அடுத்த ஆள். மகுடேஸ்வரி மேலே போனால் கூடத்துக்கு ஜெசிந்தா தலைவி என்று எழுத்திலேயே முடிவாகியிருந்தது. பதவி உயர்வு ஆணை தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்து, மாடியறை மேசைமேல் கிடந்தது. அதைவிட மோசம் கீழே நடந்தது. ஜெசிந்தா ஸ்பேனரை எடுப்பதற்குள் கைகள் வேலையை முடித்துவிடும். அவள் ஆட்களிடம் ஒன்று சொன்னால், ஆட்கள் ‘ஆகட்டுங்க’ என்று சொல்லிவிட்டுக் கைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். என்ன பழுது, ஏன் வந்தது, எப்படிச் சரியானது என்று எழுதுகிற பதிவேட்டில், நவம்பரில் மகுடேஸ்வரி மாடியேறிய பிறகு ஒரு வரி இல்லை. ஏனென்றால் செய்த கைக்குச் சொல்ல வாயில்லை, வாயுள்ளவர்கள் ஒருவரும் செய்யவில்லை.

தை பிறந்து பத்து நாள் கழித்து அவள் மாடிக்கு வந்தாள். கர்நாடகத்தில் ஒரு ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல், பதவி உயர்வு ஆணைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“என்ன ஜெசிந்தா இது?”

“ஒன்பது வருஷம் மேடம். நீங்க மேல போனா மில் எனக்குன்னு சொன்னீங்க. நீங்க போயிட்டீங்க. உங்க கை போகலை.”

“நானா வேணும்னு விட்டுட்டு வந்தேன்?”

“வேணாம்னும் நீங்க சொல்லலையே மேடம்.”

மகுடேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்த நினைத்து, “உருளை இடைவெளி எவ்வளவு வைக்கணும், சூடு எதுவரைக்கும் தாங்கும், எல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர்றேன்” என்றாள். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “சொல்லுங்க மேடம்” என்றாள். மகுடேஸ்வரி வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டது அத்தனையும் விரல்களோடு கீழே போயிருந்தது. வாயில் ஒரு வார்த்தை இல்லை. ஜெசிந்தா கொஞ்ச நேரம் மரியாதைக்குக் காத்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கு வீட்டில் மகுடேஸ்வரி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு புத்திமதி சொன்னாள். நாளையிலிருந்து ஜெசிந்தா பார்த்துக்கொள்வாள், நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நயமாகவும் சொன்னாள், அதட்டியும் சொன்னாள். கைகள் பாட்டுக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தன.

“அதுங்களுக்குக் காது ஏது கண்ணு” என்றான் சென்னியப்பன். “காது இருக்கற நீயே மூணு மாசமா கேக்கல.”

மறுநாள் வாசலில் கைகள் வழக்கம்போலக் கழன்று ஓடின. அவள் ஒரு கயிறு கட்டியாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று நாச்சிமுத்துவின் வார்த்தையை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு மாடியேறினாள். ராஜினாமாவை ஏற்கவும் கையில்லை, மறுக்கவும் கையில்லை. மாசி மாசக் கடைசியில் தானாகவே செல்லுபடியாகிவிடும் என்று வைத்தியலிங்கம் நினைவுபடுத்தினார்.

மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் மில் புகைந்தது.

இங்கே ஒரு விஷயம். பொங்கலுக்கு இரண்டு நாள் ஆலையை நிறுத்திக் கழுவுவார்கள். அந்த இரண்டு நாளில்தான் வெளியூர் ஆட்கள் வந்து மூன்றாம் மில்லில் புதுமாதிரிப் பேரிங்குகளை மாட்டினார்கள். கூட நின்று பார்த்ததும், அதன் கையேட்டைப் படித்ததும் ஜெசிந்தா ஒருத்திதான். கைகள் அந்த இரண்டு நாளும் வீட்டில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தன. பழைய வெண்கலப் பேரிங் இருக்கிறதே, அது குழந்தை மாதிரி, எவ்வளவு கிரீஸ் ஊட்டினாலும் வாங்கிக்கொள்ளும், ஊட்ட ஊட்டக் குளிரும். புதுப் பேரிங்குக்கு மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும். மிஞ்சிப்போனால் உள்ளே உருளைகள் கிரீஸுக்குள் நீந்தி நீந்தியே சூடேறிவிடும். அது கைகளுக்குத் தெரியாது. ஒரு மாசமாக அவை ஆசை ஆசையாக ஊட்டியிருக்கின்றன. சூடு தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் ஊட்டின. இன்னும் சூடு, இன்னும் கொஞ்சம். புகை வந்ததும் மில்லை நிறுத்தினார்கள். கைகள் நீர் ஊற்றிக் குளிர வைத்து, மறுபடி கிரீஸ் அடைத்து, ஓட்டலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டின. ஓட்டினார்கள். புகைந்தது. மூன்று முறை இப்படி.

வெளியே டிராக்டர் வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது. மாசி வெயில், வெட்டின கரும்பு, வண்டிக்கு வண்டி ஒரு குடும்பத்தின் ஒரு வருஷம். ஆட்கள் இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்களும், “பதறாதீங்க, கை பாத்துக்கும்” என்று ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து எம்.டி. தொலைபேசியில், “கை என்ன சொல்லுது?” என்று கேட்டார். மகுடேஸ்வரி தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்த தொலைபேசியை அப்படியே நழுவவிட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

கூடத்தில் ஆட்கள் வட்டமாக நின்று கைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தூணோரமாகத் தனியாக நின்றாள்.

“என்னாச்சு ஜெசிந்தா?”

“கிரீஸ் ஜாஸ்தி மேடம். கவரைக் கழட்டி எல்லாத்தையும் வழிச்செடுத்து, மண்ணெண்ணெயில கழுவி, மூணுல ஒரு பங்கு மட்டும் போடணும். மூணு தடவை சொல்லிட்டேன்.”

“சொன்னா செய்ய வேண்டியதுதானே?”

ஜெசிந்தா தன் வலது மணிக்கட்டை நீட்டினாள். அதில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தது. கிட்டே போனபோது பிடித்து முறுக்கித் தள்ளிவிட்ட விரல்கள். அந்தச் சுண்டுவிரலின் கோணலை மகுடேஸ்வரிக்குத் தெரியும்; பதினோராம் வகுப்பில் கோகோ விளையாடும்போது ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விரல் அது. இத்தனை நாள் தன் கை என்று ஊர் மெச்சிக் கேட்டு மகிழ்ந்தாளே, இப்போது இதுவும் தன் கைதான்.

அவள் வட்டத்துக்குள் போய் நின்று உரக்கச் சொன்னாள்.

“நாச்சிமுத்தண்ணா, எங்கைய ரெண்டையும் புடிங்க.”

“அம்மிணி?”

“புடிச்சு எம்முந்தானைல முடிஞ்சு கட்டுங்க. கூடம் இனி ஜெசிந்தாவோடது. அவங்க சொல்றதுதான் நடக்கணும்.”

நாச்சிமுத்து ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கோழி பிடிப்பது போலக் குனிந்து குனிந்து போனார். வலது கை லேசில் அகப்படவில்லை. கன்வேயருக்கு அடியில் புகுந்து, குழாய்மேல் ஏறி, சங்கத்து உறுப்பினர் என்ற முறையில் செயலாளரின் கன்னத்தில் ஒரு அறையும் வைத்தது. வலதைப் பிடித்ததும் இடது தானாகவே வந்து சாக்கில் ஏறிக்கொண்டது. இரண்டையும் முந்தானையில் போட்டு மூன்று முடிச்சுப் போட்டார்கள். மகுடேஸ்வரி கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். மடியில் முந்தானை மூட்டை துள்ளிக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தா வேலையைத் தொடங்கினாள். ஒரு ஆளைப் போல்ட் கழற்றச் சொன்னாள். அந்த ஆள் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை, கருவிப்பெட்டிமேல் இருந்த மகுடேஸ்வரியைப் பார்த்தான். இன்னொருத்தனும் பார்த்தான். நாச்சிமுத்துவே ஒரு தரம் பார்த்துவிட்டார். மகுடேஸ்வரிக்குப் புரிந்தது. எழுந்து, பெட்டியைக் காலால் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வேலங்காட்டூர் ஆலையின் தலைமைப் பொறியாளர், மில் நின்றுபோன நாளில், மூக்கில் மையும் மடியில் துள்ளுகிற மூட்டையுமாக, காரை பெயர்ந்த வெள்ளைச் சுவரை நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் இருந்துவிடலாம், கேட்காமல் இருக்க முடியாது. ஜெசிந்தா போல்ட்டுகளை மேலிருந்து கழற்றுகிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. கீழிருந்து கழற்றினால் பாதி நேரம். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். ஒரு போல்ட் சக்கைக்குள் விழுந்து, அதைத் தேட அரை மணி நேரமாயிற்று. எங்கே உருண்டு போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். விழுங்கினாள். கவர் கழல மாட்டேன் என்றது, யாரோ சுத்தியலால் ஓங்கி அடித்தான்; அந்த அடிக்கு முந்தானைக்குள் இரண்டு கையும் சுருண்டு நடுங்கின.

“ஜெசி...” என்று அவள் வாய் தன்னை மீறித் திறந்தது.

“அம்மிணி, நீங்க செவுத்தப் பாருங்க” என்றார் நாச்சிமுத்து பின்னாலிருந்து.

“அடிக்காதீங்க, சுத்தியலைக் கீழ வைங்க” என்று ஜெசிந்தாவின் குரல் அதற்குள் கேட்டது. “சுத்தி வெந்நீர் ஊத்துங்க, தானா விட்டுக்கொடுக்கும்.” அது மகுடேஸ்வரிக்குத் தோன்றாத வழி. ஊற்றினார்கள். விட்டுக்கொடுத்தது.

நாலரை மணிக்கு மூன்றாம் மில் சுற்றத் தொடங்கியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், சூடு ஏறவில்லை. ஆட்கள் விசிலடித்தார்கள். நாச்சிமுத்து கேண்டீனிலிருந்து டீ வரவழைத்து முதல் டம்ளரை ஜெசிந்தாவிடம் நீட்டினார். “எப்படிங்கம்மா கண்டுபுடிச்சீங்க” என்று ஆளாளுக்குக் கேட்க, அவள் கையேட்டைப் பிரித்துக் காட்டிச் சொல்ல, பதிவேட்டைத் தேடி எடுத்து ஒருத்தன் எழுத, கூடம் கலகலவென்று ஆகிவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை யாரும் நினைக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கச் சொல்லி அவள் இரண்டு தரம் கூப்பிட்டாள். மில் சத்தத்தில் கேட்கவில்லை.

இதைத்தான் அவள் வேண்டியிருந்தாள், நடந்தும்விட்டது. ஆனாலும் அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த மில் அவளைக் கேட்காமல் ஓடுகிறது. துக்கமா சந்தோஷமா என்று பிரித்துப்பார்க்காமல் அவள் நன்றாக அழுதாள். மடியில் மூட்டை துள்ளுவதை நிறுத்தியிருந்தது. உள்ளே இரண்டும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொண்டிருப்பது துணிக்கு மேலேயே தெரிந்தது.

குனிந்து, பல்லால் கடித்து, மூன்று முடிச்சையும் தானே அவிழ்த்தாள். கைகள் வெளியே வந்தன. ஓடவில்லை. மில்லின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உணர்ந்தன. பிறகு மேலே ஏறி, கிரீஸ் படிந்த விரல்களால் அவள் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கருப்பாக்கிவிட்டு, இரண்டும் அவரவர் மணிக்கட்டில் போய்ப் பொருந்திக்கொண்டன.

ஜெசிந்தா டீ டம்ளரோடு அங்கே வந்தாள். ஒட்டியிருந்த கைகளைப் பார்த்தாள்.

“வந்திருச்சா மேடம்?”

“வந்திருச்சு. மேசைமேல உங்க காகிதம் ரெண்டு இருக்குது. எதுல கையெழுத்துப் போடட்டும்?”

ஜெசிந்தா டீயை ஒரு வாய் குடித்தாள். “ஒன்னை நானே கிழிச்சுக்கறேன் மேடம். இப்ப நேரமில்ல, நாலாவது மில்லைப் பாக்கணும்.” இரண்டடி போனவள் நின்று திரும்பினாள். “மேடம், மூணாவதுல ஒரு சின்னச் சத்தம் வருது. கேட்டீங்களா? ஒரு தடவை தொட்டுப் பாத்து சொல்லிட்டுப் போங்களேன்.”

மகுடேஸ்வரிக்குக் கேட்டது. அது என்ன சத்தம் என்று அவளுக்கும் தெரியும், கைகளுக்கும் தெரியும். இரண்டும் மணிக்கட்டில் நிற்காமல் முன்னால் பாய்ந்தன. அவள் அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

“உங்களுக்கு என்ன தோணுது?” என்றாள்.

ஜெசிந்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள். போய்த் தொட்டுப்பார்த்தாள். திரும்பி வந்தாள். “கழட்டி மாட்டின கவர் உக்கார்ற சத்தம்னு நெனைக்கறேன். ஓடலாம்.”

“அப்ப ஓடட்டும்.”

வாசலில் டிராக்டர்காரர்கள் காத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் ஏன் நின்றது, யார் தப்பு, காய்ந்த கரும்புக்கு ஆலை என்ன பதில் சொல்லும் என்று கேட்கப் போகிறார்கள். பேரிங் வாங்க மூக்கு வைத்தவள், கைகளைத் தடுக்காமல் ஓடவிட்டவள், போய் நின்று என் தப்பு என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஸ்பேனர் கிடையாது. முகமெல்லாம் கிரீஸோடு மகுடேஸ்வரி வாசலைப் பார்த்து நடந்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டுண்டிருந்த வலது கைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் இடுப்பில் நறுக்கென்று, சதை பிய்ந்துவிடுகிற மாதிரி, ஒரு கிள்ளு கிள்ளியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.